அக்கறையா, அக்கரையா?

வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு பதில் எழுதறப்ப, 'சொந்தக்காரங்க திடீர்னு பாசமா பேசினா எல்லாத்துக்கும் அல்டீரியர் மோட்டிவ் தேடாதீங்க'ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், இந்த வாட்டி தபால்லயும் மெயில்லயும் பாதிக்கு மேல அந்த வார்த்தையைப் பத்தியே வந்திருக்கு. டெல்லித் தமிழங்க கிட்ட இந்த வார்த்தை இவ்வளவு புழங்குதுன்னு இப்பதான் தெரியுது. சரி, இந்த இதழ் முழுக்க அதுக்கே விட்டுடலாம்.

கே: மேடம், எங்க சொசைட்டி தமிழ் வாட்ஸப் குரூப்ல, தைப்பூசத்துக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் போக எல்லாருமா சேர்ந்து ஒரு பஸ் எடுக்கலாம், தலைக்கு 250 ரூபா குடுத்தா போதும், ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கறேன்னு போட்டேன். மூணாவது மாடிக்காரர் உடனே 'சம் பீப்பிள் ஹாவ் அல்டீரியர் மோட்டிவ்ஸ்'னு ஒரு மெசேஜ் போட்டுட்டார், அதுக்கு ரெண்டு பேர் கட்டை விரல் வேற தூக்கியிருக்காங்க. அப்படின்னா திருட்டு புத்தின்னு அர்த்தம்ங்கிறார் எங்க வீட்டுக்காரர். எனக்கு தூக்கமே போச்சு. பஸ்ஸு என் நாத்தனார் வீட்டுக்காரரோட டிராவல்ஸ்லேர்ந்துதான், அதை குரூப்ல நான் சொல்லல, ஆனா வெளிய விசாரிச்சா எல்லாரும் இதை விட ஜாஸ்திதான் கேக்கறாங்க. நிஜமா அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?
– ஒரு வாசகி, மயூர் விஹார் ஃபேஸ் 1

ப: முதல்ல நிம்மதியா தூங்குங்க, திருட்டு புத்தின்னு அர்த்தம் இல்ல. உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் ஓவரா மொழிபெயர்த்துட்டார்.

மோட்டிவ்னா ஒரு ஆளை ஒரு காரியத்துக்குள்ள தள்ளி விடற காரணம். மோட்டார், லோகோமோட்டிவ் எல்லாம் இதோட கூடப் பிறந்ததுங்கதான், நகர்த்துன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது. அல்டீரியரும் லத்தீன்தான், அதுல நல்லது கெட்டது எதுவுமே கிடையாது, 'அந்தப் பக்கம் இருக்கற'ன்னு மட்டும்தான் அர்த்தம். ரோமானியர்கள் கி.மு. 197-ல ஸ்பெயினை ரெண்டு மாகாணமா பிரிச்சப்ப, தங்களுக்குக் கிட்டக்க இருந்ததுக்கு ஹிஸ்பானியா சிடீரியர்னும் தள்ளி இருந்ததுக்கு ஹிஸ்பானியா அல்டீரியர்னும் பேர் வச்சாங்க. ஜூலியஸ் சீசர் கூட கொஞ்ச காலம் அந்த அல்டீரியர் ஸ்பெயினுக்கு கவர்னரா இருந்தவர்தான். புரியற மாதிரி சொல்லணும்னா, கனாட் பிளேஸ்காரங்க உங்க ஏரியாவை ஜமுனாபார்னு சொல்றாங்களே, அந்த மாதிரி. யமுனாவுக்கு அந்தப் பக்கம், இங்கேர்ந்து பாத்தா சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

அப்ப அல்டீரியர் மோட்டிவ்னா, வெளிய சொன்ன காரணத்துக்கு அந்தக் கரையில உக்காந்திருக்கற இன்னொரு காரணம். நம்ம தமிழ்ல இது அழகா மாட்டும் பாருங்க, பெரிய ற போட்டா அக்கறை, சின்ன ர போட்டா அக்கரை. வெளிய காட்டறது அக்கறை, விஷயம் இருக்கறது அக்கரையில.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இந்த வார்த்தை பொருந்தணும்னா ரெண்டு காரணம் வேணும், ஒண்ணு சொன்னது, ஒண்ணு சொல்லாதது. ஐஎன்ஏ மார்க்கெட்ல முருங்கைக்காய் விக்கறவர் லாபத்துக்குதான் விக்கறார்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அது அல்டீரியர் இல்ல. அதே ஆளு 'உங்க உடம்புக்கு நல்லதும்மா, அதுக்காகத்தான் சொல்றேன்'னு ரெண்டு நாள் ஆன காய உங்க பையில போட்டா, அங்க இந்த வார்த்தை வந்து உக்காரும்.

இப்ப உங்க கதைக்கு வருவோம். கோவிச்சுக்காதீங்க, மூணாவது மாடிக்காரரோட இங்கிலீஷ் சரிதான். நீங்க சொன்ன காரணம் முருகன், சொல்லாத காரணம் நாத்தனார் வீட்டு வருமானம். ரேட்டு கம்மியா இருக்கறது, நல்ல பஸ்ஸா இருக்கறது, நீங்க அதுல ஒத்தப் பைசா எடுக்காதது, இதெல்லாம் உங்களை நல்லவங்களா காட்டும், ஆனா அந்த சொல்லாத காரணத்தை இல்லாம ஆக்கிடாது. கெட்ட எண்ணம் இருந்தாத்தான் அல்டீரியர்னு இல்ல, மறைச்சாலே போதும்.

அதே சமயம் அவர் பண்ணினதும் நேர்மையான வேலை இல்ல. 'பஸ் யாரோடது மேடம்?'னு ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சு போற விஷயம். அதை விட்டுட்டு 'சம் பீப்பிள்'னு ஆள் பேர் சொல்லாம எறியறது என்ன பழக்கம்? அந்த மெசேஜுக்கு பின்னாடி அவருக்கும் ஏதாவது இருக்கலாம், போன வருஷம் பஸ் ஏற்பாடு பண்ணினது அவரான்னு விசாரிச்சுப் பாருங்களேன்.

நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான், இன்னிக்கே குரூப்ல போடுங்க: 'பஸ் என் நாத்தனார் வீட்டு டிராவல்ஸ்லேர்ந்து வருது, முன்னாடியே சொல்லியிருக்கணும், வேற இடத்துல கம்மியா கிடைச்சா அதையே எடுத்துக்கலாம்.' வேற இடத்துல கேட்ட ரேட்டையும் சேர்த்து போட்டுடுங்க. நீங்க அதை டைப் பண்ணி அனுப்பின நிமிஷம் அந்த மோட்டிவ் அல்டீரியரா இருக்காது, வெறும் மோட்டிவ் ஆயிடும். அதுக்கு யாரும் கட்டை விரல் தூக்க மாட்டாங்க.

கே: அக்கா, நான் டெல்லி யூனிவர்சிட்டில செகண்ட் இயர். அசைன்மென்ட்ல இந்த வார்த்தையை 'ஏ'ல ஆரம்பிச்சு எழுதினேன், மேடம் சிவப்பு இங்க்ல வட்டம் போட்டுட்டாங்க. ஆனா நெட்ல தேடினா 'ஏ' போட்டும் நிறைய வருதே? எப்படி சொல்றதுன்னும் சொல்லுங்க, நான் அல்ட்ரியர்னு சொன்னா ரூம் மேட் சிரிக்கிறான்.
– ரோஹிணி தம்பி

ப: 'யு'தான் தம்பி. யு-எல்-டி-ஈ-ஆர்-ஐ-ஓ-ஆர். 'ஏ' போட்டு எழுதறது உன் தப்பு மட்டும் இல்ல, இங்கிலீஷ்லயே பொறந்து வளர்ந்தவங்களும் பண்றாங்க, மாத்தறதுன்னு அர்த்தம் வர்ற ஆல்டர் கூட போட்டு குழப்பிக்கறாங்க. ஞாபகம் வச்சுக்க ஒரு வழி, அல்ட்ராவை நினைச்சுக்கோ. அல்ட்ராசவுண்ட்னா காதுக்கு எட்டறதுக்கு அப்பால் இருக்கற சத்தம், அல்ட்ராவயலட்னா ஊதாவுக்கு அப்பால், ஸ்கூல் புக்ல புற ஊதான்னு படிச்சிருப்ப. அதே அல்ட்ராவோட குடும்பம்தான் இதுவும். நாலு அசையா சொல்லு, அல்-டீ-ரி-யர், அழுத்தம் 'டீ'ல விழணும்.

இன்னொரு விஷயம் இருக்கு, இதை ஸ்கூல்ல யாரும் சேர்த்து வச்சு சொல்லித் தர மாட்டாங்க. சுப்பீரியர், இன்ஃபீரியர், இன்டீரியர், எக்ஸ்டீரியர், சீனியர், ஜூனியர், அல்டீரியர், எல்லாமே லத்தீன்ல 'அதை விட'ன்னு ஒப்பிடற வடிவம். சீனியர்னா லத்தீன்காரனுக்கு 'இன்னும் வயசானவன்'. 'இன்னும்' ஏற்கனவே உள்ளயே இருக்கறதால மோர் சுப்பீரியர்னு எல்லாம் வராது, பின்னாடியும் 'தேன்' போடாம 'டு'தான் போடுவாங்க, ஹி இஸ் சீனியர் டு மீ. அல்டீரியருக்கு மேல ஒரு படி இருக்கு, அது அல்டிமேட். கடைக்கோடி, அதுக்கு அப்பால் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். இப்ப உங்க செட்டுக்கு பரோட்டா கூட அல்டிமேட்டா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

எழுதறப்ப 'அன் அல்டீரியர் மோட்டிவ்', 'ஏ' வராது 'அன்'தான் வரும். 'ஹி இஸ் அல்டீரியர்'னு ஆளைச் சொல்ல முடியாது, மோட்டிவுக்கோ பர்ப்பஸுக்கோ முன்னாடிதான் அது நிக்கும். 'ஹிட்டன் அல்டீரியர் மோட்டிவ்'னும் எழுதாதே, நடு சென்டர்ங்கற கேஸ் அது.

கே: பத்திரிகைல இதுக்கு 'உள்நோக்கம்'னு போடறாங்க. வீட்ல பேசறப்ப அப்படி யாரும் சொல்றது இல்லையே, நம்ம பேச்சுத் தமிழ்ல இதுக்கு வார்த்தையே கிடையாதா?
– ஒரு ரிட்டயர்டு அரசு ஊழியர், கரோல் பாக்

ப: வார்த்தை கிடையாதுன்னா எப்படி சார், நம்ம ஆளுங்களுக்கு இதை விட்டா வேற பொழுதுபோக்கு ஏது? உள்நோக்கம் அறிக்கை பாஷை. 'உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம்', 'அரசியல் உள்நோக்கத்துடன்' இப்படி கட்சி ஆபீஸ்லேர்ந்து வர்ற பேப்பர்லதான் அது வாழுது. வீட்ல நாம சொல்றது, 'மனசுல ஏதோ வச்சுக்கிட்டுதான் வந்திருக்கா', 'அவன் போடற கணக்கே வேற', 'காரியம் இல்லாம அவன் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான்'. ஒரு வார்த்தைல அடங்காது, ஆனா எல்லாருக்கும் புரியும்.

பழமொழில பாத்தா, 'ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்', இதுதான் நூத்துக்கு நூறு பொருந்தறது. சொன்ன காரணம் இரக்கம், சொல்லாத காரணம் கறி. ரெண்டுமே அந்த ஒரு வரியில இருக்கு பாருங்க. 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா'வும் எல்லாரும் சொல்றதுதான், ஆனா அது வெறும் சந்தேகம், குடுமி ஏன் ஆடுதுன்னு அதுல இல்ல. அது 'சும்மாடு ஆகுமா'ன்னுதான் முதல்ல இருந்துச்சு, சும்மாடுன்னா தலைச்சுமைக்கு அடியில சுருட்டி வைக்கற துணி, முன்குடுமியை அந்த சும்மாடா வச்சுக்க முடியாதுன்னு அர்த்தம், பின்னாடி அது சும்மா ஆடுமான்னு மாறிடுச்சுன்னு ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சி சொல்றது சரின்னா நாம இத்தனை நாளா அந்த பாவப்பட்ட குடுமி மேல வீண் சந்தேகப்பட்டிருக்கோம்.

உள்குத்தை இதுல சேர்க்காதீங்க. உள்குத்துங்கறது பேச்சுக்குள்ள ஒளிச்சு வைக்கற குத்து, அது வார்த்தையோட வேலை. இது காரணத்தோட வேலை.

கே: வணக்கம் மேடம். என் தம்பி மேல அவனோட பழைய பிசினஸ் பார்ட்னர் எஃப்ஐஆர் போட்டிருக்கார். அதை ரத்து பண்ண ஹைகோர்ட்டுக்கு வக்கீல் எழுதின பெட்டிஷன்ல பக்கத்துக்கு பக்கம் 'வித் அன் அல்டீரியர் மோட்டிவ்'னு இருக்கு. அந்த வார்த்தை போட்டா எஃப்ஐஆர் தள்ளுபடி ஆயிடுமா?
– வாசகர், ஜனக்புரி

ப: சார், நான் வக்கீல் இல்ல, கேஸ் எப்படி போகும்னு உங்க வக்கீல்தான் சொல்லணும். ஆனா அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்து அங்க உக்காந்துதுன்னு சொல்றேன், அது நம்மளோட கொஞ்சம் சம்பந்தப்பட்ட கதை.

1990 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துது, ஹரியானா அரசுக்கும் பஜன் லாலுக்கும் நடந்த வழக்கு, அவர் ஹரியானாவோட முன்னாள் முதல்வர். எந்தெந்த மாதிரி எஃப்ஐஆரை எல்லாம் ஹைகோர்ட் ஆரம்பத்துலயே ரத்து பண்ணலாம்னு அதுல ஏழு வகை சொன்னாங்க. ஏழாவது வகை என்னன்னா, சொந்தப் பகைய மனசுல வச்சுக்கிட்டு, எதிராளியைப் பழி வாங்கணும்ங்கற அல்டீரியர் மோட்டிவோட, வேணும்னே போட்ட கேஸ். அந்த இங்கிலீஷ் வார்த்தை அப்படியே தீர்ப்புல இருக்கு. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இந்தியா முழுக்க ரத்து கேட்டு போடற பெட்டிஷன்ல அதை எழுதாத வக்கீலை பாக்கறது கஷ்டம். அப்ப அந்த பெட்டிஷனை சிஆர்பிசி, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 482-வது பிரிவுன்னு போடுவாங்க, 2024 ஜூலை 1-லேர்ந்து அதுக்கு பதிலா பிஎன்எஸ்எஸ்னு புது சட்டம் வந்துடுச்சு, இப்ப அதுல 528-வது பிரிவுன்னு போடறாங்க.

அந்தத் தீர்ப்பை எழுதினவர் யாருன்னு நினைக்கிறீங்க? ஜஸ்டிஸ் எஸ்.ரத்தினவேல் பாண்டியன், நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். அஞ்சாவது சம்பளக் கமிஷனுக்கு தலைவரா இருந்தாரே அவரேதான், நம்ம டெல்லில சர்க்கார் உத்தியோகம் பாத்த குடும்பங்கள்ல அவர் பேரை மறந்தவங்க இருக்க மாட்டாங்க, அரியர்ஸ் வந்த கதையெல்லாம் இன்னும் பேசுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். எஃப்ஐஆரை ரத்து பண்ண எல்லாரும் காட்டற அந்த வழக்குலயே எஃப்ஐஆர் ரத்து ஆகல! ஹைகோர்ட் ரத்து பண்ணியிருந்துது, சுப்ரீம் கோர்ட் அதை மாத்தி எஃப்ஐஆர் இருக்கட்டும்னு சொல்லிடுச்சு. விசாரணை பண்ணின இன்ஸ்பெக்டருக்கு முறையான அனுமதி இல்லைன்னு அதுவரைக்கும் நடந்த விசாரணையை மட்டும்தான் ரத்து பண்ணினாங்க. புகார் குடுத்தவருக்கும் பஜன் லால் தரப்புக்கும் அரசியல் பகை இருந்துது, அதை யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா பகை இருக்குங்கறதுக்காக மட்டும் புகாரை தூக்கி எறிய முடியாது, சொன்ன குற்றச்சாட்டுல விஷயம் இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும்னு கோர்ட் நின்னுது.

அதனால பெட்டிஷன்ல அந்த வார்த்தை எத்தனை வாட்டி வந்திருக்குன்னு எண்ணாதீங்க. பழைய பார்ட்னருக்கு கோவம் இருக்கறது ஒரு விஷயம், அவர் சொல்ற கணக்கு பொய்யா இருக்கறது வேற விஷயம். அந்த ரெண்டாவதுக்கு உங்க தம்பி கிட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், பார்ட்னர்ஷிப் பத்திரம், அனுப்பின மெசேஜ் இதெல்லாம் இருக்கான்னு பாருங்க.

கே: மேடம், துவாரகால இருக்கேன், குர்காவ்ல வேலை. என் மேனேஜர் நல்ல புராஜெக்ட் எல்லாத்தையும் அவர் கூட காலேஜ்ல படிச்சவருக்கே தள்ளி விடறார், எங்களுக்கு வர்றதெல்லாம் மிச்சம் மீதி. ஹெச்ஆருக்கு மெயில் டிராஃப்ட் பண்ணி வச்சிருக்கேன், அதுல 'மை மேனேஜர் ஹாஸ் அல்டீரியர் மோட்டிவ்ஸ்'னு ஒரு வரி இருக்கு. கிராமர் கரெக்டா?
– பேர் வேண்டாம்

ப: கிராமர் கரெக்ட். அந்த வரியை எடுத்துடுங்க.

இந்த வார்த்தைல இருக்கற சிக்கலே இதுதான். நீங்க பாத்தது புராஜெக்ட் யாருக்கு போச்சுங்கறதை, மோட்டிவை நீங்க பாக்கல, பாக்கவும் முடியாது, அது அவர் மண்டைக்குள்ள இருக்கு. அந்த வரி இருந்தா ஹெச்ஆர் உங்க கிட்ட முதல்ல கேக்கப் போறது 'அது உங்களுக்கு எப்படித் தெரியும்?'ங்கறதைத்தான், அங்கேயே உங்க மெயில் படுத்துடும். அவரும் நிம்மதியா 'என் நாணயத்தையே சந்தேகப்படறாங்க'ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கலாம், புராஜெக்ட் கணக்கை யாரும் கேக்கவே மாட்டாங்க.

அதுக்கு பதிலா இப்படி எழுதுங்க: 'இந்த வருஷம் டீமுக்கு வந்த புது புராஜெக்ட்டுங்க இது, ஒவ்வொண்ணும் யாருக்கு எந்தத் தேதில போச்சு, எனக்கு அதுல என்ன அனுபவம், நான் கேட்டு அனுப்பின மெயில் இது, வந்த பதில் இது. என்ன அடிப்படைல பிரிச்சுக் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க விரும்பறேன்.' இவ்வளவுதான். காலேஜ் சமாச்சாரத்தைக் கூட நீங்க எழுத வேண்டாம், அந்த டேபிளைப் படிக்கறவங்களுக்கு அடுத்த கேள்வி தானா வரும். அவங்களா கண்டுபிடிச்சதா இருந்தா அதுக்கு மதிப்பே தனி.

சண்டைக்கு பேர் போன நம்ம பார்லிமென்ட்லயே இதுக்கு ரூல் இருக்கு தெரியுமா? லோக்சபா விதி 352 பிரகாரம், ஒரு எம்.பி. இன்னொரு எம்.பி.க்கு தனிப்பட்ட முறையில மோட்டிவ் கற்பிச்சு பேசக்கூடாது, விவாதமே அதைப் பத்தி இருந்து சொல்லியே ஆகணும்னா ஒழிய. நீ சொல்றது தப்புன்னு தாராளமா சொல்லலாம், நீ ஏன் சொல்றேன்னு எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லக்கூடாது. கோர்ட்டுலயும் அப்படித்தான், தீர்ப்பை விமர்சிக்கலாம், தீர்ப்பு எழுதின ஜட்ஜுக்கு உள்நோக்கம் கற்பிச்சா அவமதிப்பு வழக்கு வரைக்கும் போகும். உங்க மேனேஜர் எம்.பி.யும் இல்ல ஜட்ஜும் இல்லதான், ஆனா அப்ரைசல் அவர் கைலதான இருக்கு.

கே: ஹிட்டன் அஜெண்டா, வெஸ்டட் இன்ட்ரஸ்ட், ஆக்ஸ் டு கிரைண்ட், மேலா ஃபைடி... இதெல்லாம் அல்டீரியர் மோட்டிவும் ஒண்ணுதானா? காம்ப்ரிஹென்ஷன்ல நாலையும் ஆப்ஷனா குடுத்து சாவடிக்கறாங்க.
– யுபிஎஸ்சி படிக்கற ஒரு வாசகி, ஓல்ட் ராஜிந்தர் நகர்

ப: ஒண்ணு இல்லம்மா, பக்கத்து பக்கத்து வீடு.

மோட்டிவ் காரணம், அஜெண்டா திட்டம். அஜெண்டான்னா லத்தீன்ல செய்ய வேண்டியவைன்னு அர்த்தம், மீட்டிங்ல வரிசையா நம்பர் போட்டு வைப்பாங்களே அதுதான். அதனால ஹிட்டன் அஜெண்டான்னா அடுத்தடுத்து என்ன செய்யணும்னு ஒளிச்சு வச்சிருக்கற லிஸ்ட்டு, பெரும்பாலும் கமிட்டி, கட்சி, கம்பெனிக்கு சொல்வாங்க. ஒரு ஆளு ஒரு வேளைக்கு காபி வாங்கிக் குடுத்து பல்லைக் காட்டினா அது அஜெண்டா அளவுக்கு போகாது, மோட்டிவோட நின்னுடும்.

வெஸ்டட் இன்ட்ரஸ்ட் சட்டத்துலேர்ந்து வந்தது, 1882-ல வந்த சொத்து மாற்றச் சட்டத்துலயே 19-வது பிரிவு அதுதான், ஒருத்தருக்கு உறுதியாயிட்ட உரிமை. அதுல மறைவு எதுவும் கிடையாது. பேச்சுல அது 'இவருக்கு இதுல ஆதாயம் இருக்கு'ன்னு ஆச்சு. ஆதாயம் இருக்கறது தப்பு இல்ல, சொல்லணும், அவ்வளவுதான். கம்பெனி சட்டம் 2013-ல 184-வது பிரிவு டைரக்டர்களுக்கு அதைத்தான் சொல்லுது, உனக்கு எங்கெங்க சம்பந்தம் இருக்குன்னு போர்டுல எழுதிக் குடுத்துடு. ராஜ்யசபால எம்.பி.ங்களுக்கு அதுக்குன்னே ஒரு ரெஜிஸ்டர் வச்சிருக்காங்க. மேல ஜமுனாபார் அம்மாவுக்கு நான் குரூப்ல போடச் சொன்னது இந்த 184-தான், என்ன, பஸ்ஸுக்கு போர்டு மீட்டிங் கிடையாது.

மேலா ஃபைடி கோர்ட் வார்த்தை, கெட்ட எண்ணத்தோடன்னு அர்த்தம். அது கண்டிப்பா கெட்டது. அல்டீரியர் கெட்டதா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆப்ஷன்ல இந்த ரெண்டும் வந்தா பத்தியில பகை, பழி, அதிகார துஷ்பிரயோகம் இதெல்லாம் இருக்கான்னு பாத்துக்கோ.

ஆக்ஸ் டு கிரைண்ட் எனக்குப் பிடிச்சது. 1810-ல அமெரிக்கால சார்லஸ் மைனர்னு ஒரு பத்திரிகைக்காரர் எழுதின சின்னக் கதைலேர்ந்து அது பரவிச்சுன்னு சொல்வாங்க, பலபேர் அதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதினதுன்னு தப்பா சொல்லிக்கிட்டிருக்காங்க. ஒரு பொடியன் கிட்ட கோடாலியோட ஒரு ஆள் வர்றான். உங்க அப்பா கிட்ட சாணைக்கல் இருக்கா கண்ணு, நீ எவ்வளவு கெட்டிக்காரன், உன்ன மாதிரி பையன நான் பாத்ததே இல்லன்னு ஐஸ் வைக்கறான். பையன் உச்சி குளிர்ந்து போய் கல்லை சுத்தோ சுத்துன்னு சுத்தறான், கை கொப்புளிக்குது, ஸ்கூல் மணி அடிச்சுடுது. கோடாலி கூராயிடுச்சு, உடனே அந்த ஆள் 'ஏண்டா திருட்டுப் பயலே, ஸ்கூலுக்கு மட்டமா போடற, ஓடு'ன்னு விரட்டறான். ஒரு தேங்க்ஸ் கூட இல்ல. யாராவது ரொம்பப் புகழ்ந்தா 'இவர் தீட்ட வேண்டிய கோடாலி எங்க?'ன்னு கேக்கறது அதுலேர்ந்து வந்த பழக்கம். இப்ப இங்கிலாந்துக்காரங்க இதை மனத்தாங்கல், பழைய புகைச்சல்ங்கற அர்த்தத்துலயும் சொல்றாங்க, அதனால பத்தியைப் படிச்சுட்டு முடிவு பண்ணு.

கே: ஹிந்தில இதை எப்படி சொல்றது? ஆபீஸ்ல தேவைப்படுது.
– முனிர்கா வாசகர்

ப: எழுதறதுக்கு 'குப்த் உத்தேஷ்ய', பேசறதுக்கு 'சுபா மக்ஸத்'. ஆனா டெல்லிக்காரன் அவ்வளவு சிரமப்பட மாட்டான், 'தால் மே குச் காலா ஹை'ன்னுடுவான், பருப்புல ஏதோ கருப்பா கிடக்குதுன்னு. ஆளைச் சொல்லணும்னா மத்லபி. அதை மூஞ்சிக்கு நேரா சொல்லிடாதீங்க, நம்மூர்ல காரியவாதின்னு சொன்னா வாங்கற அதே முறைப்புதான் கிடைக்கும்.

கே: அம்மா, என் பேத்திக்கு எட்டு வயசு. ராத்திரி ஆனா வந்து கால் அமுக்கி விடறா, 'பாட்டி வலிக்குதா, இன்னும் அமுக்கவா'ன்னு அவ்வளவு ஆசையா கேக்கறா, அப்புறம் மெதுவா என் போனைக் கேக்கறா. 'அல்டீரியர் மோட்டிவ்'னு மருமக சிரிக்கறா. சின்னக் குழந்தைய அப்படி சொல்லலாமா?
– ஒரு பாட்டி, லோதி காலனி

ப: தாராளமா சொல்லலாம்மா, உங்க மருமக விளையாட்டாத்தான் சொல்றாங்க, இங்கிலீஷ்ல இது கோர்ட்டுக்கு போற மாதிரியே சிரிப்புக்கும் போகும். ஃப்ரெண்டுக்கு போன் பண்ணி 'சும்மா நலம் விசாரிக்க கூப்பிட்டேன்... ஆனா ஐ ஹாவ் அன் அல்டீரியர் மோட்டிவ், உன் மிக்ஸி ரெண்டு நாளைக்கு வேணும்'னு தன்னைப் பத்தியே சொல்லிக்கறவங்க நிறைய பேர். சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டா யாருக்கும் வலிக்காது, மிக்ஸியும் வந்துடும்.

குழந்தை விஷயத்துல ரெண்டு காரணமும் நிஜமா இருக்கலாம், உங்க மேல ஆசையும் உண்டு, கார்ட்டூன் மேல ஆசையும் உண்டு. எது எவ்வளவுன்னு தராசு வச்சு பாக்காதீங்க. போனை மட்டும் ரெண்டு காலும் அமுக்கி முடிச்சப்புறம் குடுங்க, ஒரு காலோட குடுத்துட்டா இன்னொரு காலுக்கு ஆள் கிடைக்காது.